மடியில் வைத்த சேவுத் தட்டு

பட்டாசு ஆபிஸில் புதிதாகப் போர்மேன் ஆகியிருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுதுகிறேன். வெளியூர்க்காரர்கள் தொழிற்சாலை என்பார்கள். நமக்கு அது ஆபிஸ்தான். எழுதிப் பழகாத கை இது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு உறவு போய்விட்டது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன். போன மாதம் ஆமத்தூரில் ஒரு கல்யாணம். உங்களில் ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன், பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. அவர் ஆபிஸில் பேக்கிங் ஹால் பெண்கள் எல்லாம் உருண்டு திரண்டு போய்விட்டார்களாம். உட்கார்ந்தால் எழ முடியவில்லையாம், எழுந்தால் முட்டு வலி என்கிறார்களாம். வாயைக் கட்டத் தெரியாத ஜனம் என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அப்போது அவர் இலையில் மூன்றாவது தடவையாகப் பூந்தி விழுந்தது. அவர் கண் கைபேசியில் இருந்தது. விழுந்ததும் தெரியாது, தின்றதும் தெரியாது. அந்த மனுசன் அடுத்தவர் வாயைப் பற்றிப் பேசுகிறார்.

நான் பாயசத்துக்குக்கூட இருக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பதில் சொல்லாமல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டுக்குள்ளே என் காலத்தில் எழும்பிய கம்பெனிகளில் இரண்டுக்கு, வெடிமருந்து கலக்கிற மருந்து ரூம் எங்கே, பேக்கிங் ஹால் எங்கே, வாசல் எந்தத் திசை என்று சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று போய்விட்டார். லேபிள் ஒட்டுகிற ஆளாக உள்ளே வந்து போர்மேனாக வெளியே வந்தேன். என் பொறுப்பில் இருந்த எந்த ரூமிலும் ஒரு பொறி விழுந்ததில்லை. இதை நானே சொல்லக் கூடாதுதான். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. என்னோடு வேலை பார்த்த போர்மேன்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவன் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள்.

எங்கள் பேக்கிங் ஹாலில் நாற்பத்திரண்டு பெண்கள். பதினோரு மணிக்கு ஒரு டீ, மூன்றரைக்கு ஒரு டீ. டீ என்றால் ஹாலை விட்டு வெளியே போய், சோப்புப் போட்டுக் கை கழுவி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்ததில் ரெண்டு வாய் தின்றுவிட்டு வருவார்கள். போய்வர இருபது நிமிடம் ஆகும். தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடித்த ஒரு சீசனில் இந்த இருபது நிமிடம் என் கண்ணை உறுத்தியது. உட்கார்ந்து யோசித்தேன். ஆளை டீக்கு அனுப்பினால்தானே நேரம் போகிறது, டீயை ஆளிடம் அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது. டீயோடு சேர்த்து ஒவ்வொருத்தர் மடிப்பக்கமும் ஒரு சின்னத் தட்டு. ஒருநாள் சேவு, ஒருநாள் வறுத்த கொண்டைக்கடலை, ஒருநாள் தட்டை. காலியானால் நிரப்ப ஒரு ஆள். ஒரு கை பெட்டியில், ஒரு கை தட்டில். யாரும் எழுந்திருக்கத் தேவையில்லை.

ஹாலுக்குள் தின்பண்டம் கூடாது என்பது சட்டம். எனக்குத் தெரியாதா? மருந்து ரூமுக்குள் ஒரு கொட்டைப்பாக்கைக்கூட விட்டவனில்லை நான். இது பேக்கிங்தானே, மருந்து காய்ந்து கெட்டிப்பட்ட பிறகுதானே இங்கே வருகிறது என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன்.

அந்த சீசனில் லோடு மூன்று நாள் முன்னாலேயே ஏறிவிட்டது. ஆயுத பூஜையன்று பெரிய முதலாளி எல்லோருக்கும் முன்னால் எனக்குப் பட்டுத் துண்டு போர்த்தி, படித்தவன் பத்துப் பேர் சேர்ந்து யோசித்தாலும் இது வராது என்றார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி செய்தார்கள். இன்றைக்கு உங்கள் ஹாலில் தட்டு வைக்கிறீர்களே, அது யார் மூளை என்று நினைத்தீர்கள்? கல்யாண வீட்டில் நான் வாய் திறக்காமல் எழுந்து வந்ததற்கு அதுதான் காரணம்.

இரண்டு மூன்று சீசன் போயிற்று. ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களின் அளவு மாறிக்கொண்டே வந்தது. அவர்கள் அதை என்னிடம் கேலியாகத்தான் சொன்னார்கள். ஒருத்தி, அண்ணாச்சி போடுற சேவுக்கு என் ஜாக்கெட்டை ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சாச்சு, இனி பிரிக்கத் துணி இல்லை என்பாள். இன்னொருத்தி, வேன்ல நாலு பேர் உக்கார்ற சீட்டுல இப்ப மூணு பேர்தான், டிரைவர் எங்களைத் திட்டாம உங்களைத்தான் திட்டுறான் என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆட்கள் என்னிடம் எம்புட்டு உரிமையாகப் பேசுகிறார்கள் என்று பெருமை வேறு. அதைப் புகார் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அன்று காது கிடையாது.

அந்த ஹாலில் முதல் வரிசை முதல் இடம் பேச்சியம்மாளுக்கு. நாற்பது வயதைத் தாண்டியவள். தீப்பெட்டி ஆபிஸில் தொடங்கி எங்களிடம் வந்தவள். அவள் விரல் ஓடுகிற வேகத்தை வைத்துத்தான் மற்ற வரிசைகள் ஓடும். புருசன் முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடந்தான். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். நான் சொல்லப்போகிற விஷயத்தில் அதுதான் முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

ஒருநாள் மத்தியானம் பாம்பு மாத்திரை பேக்கிங். கொளுத்தினால் கறுப்பாக நெளிந்து நெளிந்து வளருமே, அதுதான். பார்க்கச் சின்னதாக, கறுப்பாக, கடலை அளவில் இருக்கும். தட்டில் அன்று வறுத்த கொண்டைக்கடலை. ஒரு பக்கம் மாத்திரைக் கூடை, மறுபக்கம் கடலைத் தட்டு. மேற்கொண்டு நான் சொல்லவும் வேண்டுமா? பேச்சியம்மாளின் கை தப்பிப் போனது. ஒரு மாத்திரையை வாயில் போட்டுக் கடித்து, பாதி உள்ளே போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. துப்பினாள். வாயெல்லாம் கறுப்பு. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வேண்டாம், கேள்வி வரும், மோரைக் கொடுத்து உட்கார வையுங்கள், சாயந்திரம் பார்க்கலாம் என்றார். சீசன் நேரம், இன்ஸ்பெக்டர் வந்து நின்றால் லோடு நிற்கும் என்று அவருக்குப் பயம். தம்பிமாரே, இந்த மாதிரி நேரத்தில் யோசிக்கக் கூடாது. நான் யோசிக்கவில்லை. வேனை எடுக்கச் சொல்லி அவளை ஏற்றி, அந்த மாத்திரையில் ஒன்றைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு சாத்தூருக்கு ஓட்டச் சொன்னேன். எதைத் தின்றாள் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமல்லவா. அந்தத் தாளை மடித்துக் கொண்டுபோனதை இன்றைக்கும் நான் செய்த கெட்டிக்காரத்தனத்தில் ஒன்றாகச் சொல்வேன்.

வயிற்றைக் கழுவிவிட்டு, இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் டாக்டர் அவளிடம், ஏம்மா, கடலைக்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாதா, கண்ணு எங்க இருந்துச்சு என்று கேட்டார்.

"கண்ணு பெட்டியில இருந்துச்சு சார். தட்டைப் பார்த்து நான் தின்னே வருசமாச்சு."

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. பெரிய முதலாளி அந்த வருசம் படுக்கையில் இருந்தார். பொறுப்பு சின்ன முதலாளிக்கு வந்திருந்தது. படித்த பிள்ளை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்ன நடந்தது என்று விசாரித்தார். மேனேஜர், தின்பண்ட ஆசையில் தின்றுவிட்டாள், ஆளைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார். நான் பக்கத்தில் நின்றேன். தட்டு வைத்தது என் யோசனை என்று சொல்லியிருக்க வேண்டும். போர்த்திய பட்டுத் துண்டு வாயை அடைத்துக்கொண்டது. சொல்லவில்லை.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். கவனத்தோடு சாப்பிடுவது எப்படி என்று வகுப்பு. வாசலில் ஒரு எடை பார்க்கும் மெஷினும் வந்து இறங்கியது. பேச்சியம்மாளும் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சை கொடுத்தார்கள். கண்ணை மூடி, அதை வாயில் வைத்து, அவசரப்படாமல், அஞ்சு நிமிடம் ருசித்துச் சாப்பிட வேண்டுமாம். பட்டாசு ஆபிஸில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்ன முதல் ஆள் அந்தம்மாதான். நாற்பத்திரண்டு பேரில் ஒருத்திகூட முழுசாக மூடவில்லை. அரைக்கண்ணால் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

கடைசி வரிசையில் இருந்து ஒருத்தி எழுந்து, டீச்சர், ஒரு திராட்சைக்கே அஞ்சு நிமிசம்னா தூக்குவாளிச் சோத்துக்கு எம்புட்டு நேரம் ஆகும், எங்க வேன் போயிருமே என்றாள். ஹாலே சிரித்தது. டீச்சரம்மா கோபப்படவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. பார்க்காமல் தின்றால் எம்புட்டுத் தின்றோம் என்று மனசுக்குத் தெரியாது, போதும் என்றும் தோன்றாது, கை போய்க்கொண்டே இருக்கும், உடம்பு ஏறும் என்றார். பசித்துத் தின்பது வேறு, கை சும்மா போவது வேறு, கை போகும்போது பசிக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் அதை யாரிடம் சொல்ல வேண்டும்? அந்த இருபது நிமிடத்தைப் பிடுங்கினவனிடம் சொல்ல வேண்டும். அவன் ஓரத்தில் கைகட்டி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்து எல்லோரையும் மெஷினில் ஏற்றினார்கள். ஒவ்வொருத்தி எடையையும் மேனேஜர் சத்தமாகப் படிக்க, ஒரு பையன் எழுதினான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முகமெல்லாம் சுண்டிப்போயிற்று. பேச்சியம்மாளுக்கு எண்பத்தாறு கிலோ. அதை இரண்டு தடவை படித்தார். எதற்கு இரண்டு தடவை? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

சாயந்திரம் சின்ன முதலாளி ஒரு தாளை என்னிடம் நீட்டினார். எடை கூடின ஆறு பேரை நிறுத்தப்போகிறார். முதல் பேர் பேச்சியம்மாள். வாயைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்களைப் பட்டாசுப் பக்கம் எப்படி நம்பி உட்கார வைப்பது, நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் எழுந்து ஓடவும் முடியாது, போர்மேன் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் சொன்ன விதம் நியாயமாகவே காதில் விழுந்தது. அநியாயம் எல்லாம் அப்படித்தான் வந்து விழும், தெரிந்துகொள்ளுங்கள்.

தாளை வாங்கிக்கொண்டு நேராகப் பேச்சியம்மாளிடம் போனேன். கை கழுவிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்து, ஏத்தா, கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கக் கூடாதா என்று ஆரம்பித்தேன். என் கையில் இருந்த தாளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை வீட்லதான இருக்கேன். அன்னைக்கு ஒரு கடலை நான் கொறிக்கிறதில்லை. தோணுறதே இல்லை. இங்கன வந்து உக்காந்தாத்தான் கை தானாப் போகுது. பசிச்சா போகுது? கையை நிறுத்தினா கண்ணு சொக்குது, கண்ணு சொக்கினா வேலை கொறையுது. எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்துட்டு வந்தா சரியாப் போகும். எந்திரிக்கக் கூடாதுன்னுதான நீங்க மடியில கொண்டாந்து வச்சீக?"

கொஞ்சம் நிறுத்தி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். "என்னை நிறுத்துறீகன்னா நிறுத்துங்க. எங்க வீட்ல அடுப்பு எரியாது, அது என் பாடு. ஆனா தின்னிப் பய மவள்னு பேர் வச்சு நிறுத்தாதீக."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் முதலில் அவள் மேல்தான். என்னிடமே இப்படிப் பேசுகிறாளே என்று. என் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் வரி வரியாகக் கட்டினேன். எவ்வளவு நேரம் ஆனதோ. நிமிர்ந்தபோது மேஜை மேல் இருந்த கால் கிலோ சேவுப் பொட்டலம் காலி. காகிதம்தான் இருந்தது. நான் தின்றது எனக்கு ஞாபகமே இல்லை. நாக்கில் காரம் இருக்கிறது, தின்ற நினைவு இல்லை. தாளில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் என் விரல் அளவுக்குப் பதிந்திருந்தது.

தாளோடு எழுந்து நேராக வாசலுக்குப் போனேன். சின்ன முதலாளி கார் ஏறப்போனார். தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க என்று சொல்லிவிட்டு செருப்பைக் கழற்றிப் போட்டு அந்த மெஷினில் ஏறி நின்றேன். மேனேஜரைப் படிக்கச் சொன்னேன். அவர் முழித்தார். சத்தமாகப் படியும், பொம்பளைகளுக்குப் படிச்சீரே அதே மாதிரி ரெண்டு தடவை படியும் என்றேன். தொண்ணூற்றேழு. ஒரு தடவைதான் படித்தார், அதுவும் மெதுவாக.

"பேச்சியம்மாளை விட நான் பதினொரு கிலோ கூட. மருந்து ரூம் சாவி என் இடுப்புலதான் தொங்குது. என்னை இத்தனை வருசம் யாரும் ஏறச் சொல்லலையே தம்பி. பட்டியல்ல முதல் பேரா என் பேரை எழுதுங்க. அந்தத் தட்டை மடியில வச்சவனும் நான்தான்."

 சின்ன முதலாளி தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாரையும் நிறுத்த வேண்டாம், தட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். அப்படியானால் பழையபடி இருபது நிமிடம் வெளியே விட வேண்டும் என்றேன். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்று காரில் ஏறிவிட்டார். கவனமாகச் சாப்பிடச் சொல்லிக் கொடுக்க மதுரையிலிருந்து ஆள் வரும். சாப்பிட நேரம் மட்டும் வராது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தட்டு போனது. ஹாலில் பசி வந்தது, தூக்கம் வந்தது. நாலாம் நாள் ஒருத்தி இடுப்பு மடிப்பில் சேவை ஒளித்து வைத்து எடுத்து எடுத்துத் தின்றதைப் பிடித்தேன். முன்னாடியாவது தட்டு கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது சேலைக்குள். இது அதைவிட மோசம். அவளைத் திட்டாமல் அடுத்த வரிசைக்கு நடந்தேன்.

அப்போது பதினோரு மணி இருக்கும். முதல் வரிசையில் பேச்சியம்மாள் கையில் இருந்த பெட்டியை மூடி வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. முட்டில் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். ஹால் வாசலைத் தாண்டிப் போய், கை கழுவி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். நாலு நாளைக்கு முன்னால்தான் வேலை போகாமல் தப்பியவள். இன்னொரு தடவை அவளுக்காக மெஷினில் ஏற எனக்கு வழி கிடையாது. அது அவளுக்கும் தெரியும். உட்கார்ந்து வாளியைத் திறந்தாள். பின்னாலேயே ஒருத்தி எழுந்தாள். இரண்டாவது வரிசை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஹாலில் நான் மட்டும் நின்றேன்.

எடை குறைந்ததா என்றுதானே கேட்பீர்கள். சிலருக்குக் குறைந்தது. பேச்சியம்மாளுக்கு ஜாக்கெட் கொஞ்சம் தளர்ந்தது. முட்டு வலி முழுசாகப் போகவில்லை. சிலருக்கு ஒன்றும் மாறவில்லை. உடம்பு அவரவர் வாகு. எனக்குக் குறைந்தது, மேஜையில் பொட்டலம் வைப்பதை விட்டதால். யார் எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியாது. அந்த மெஷினை நானே தூக்கிக் குடோனில் போட்டேன். உங்கள் ஆபிஸில் தட்டு இருந்தால் எடுங்கள். எடுத்துவிட்டு ஆளை அங்கேயே உட்கார வைத்தால் தட்டை வைத்தவனைவிடப் பெரிய அயோக்கியன் நீங்கள்.

அன்றைக்கு நடந்ததை முடித்துவிடுகிறேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிற மணி ஹால் வாசலில் என் தலைக்கு மேல் தொங்கியது. கயிறு என் கையில். எதிரே மரத்தடியில் நாற்பத்திரண்டு பேர். பேச்சியம்மாள் சோற்றை உருட்டி, உருண்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயில் வைத்தாள். மெல்லுகிற வரைக்கும் அடுத்த உருண்டைக்குக் கை போகவில்லை. பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். ஆபிஸ் ரூம் படியில் சின்ன முதலாளி வந்து நின்றார். காலி ஹாலைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மணி அடிக்கலையா?"

கயிற்றை விட்டுவிட்டேன்.

"சாப்பிடுறாக தம்பி. முடிச்சுட்டு வருவாக."